சபையில் டீக்கனாக இருந்த அப்பாவைப் பற்றி எழுத உட்காரும்போது

இந்த வேலை பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் யாராவது ஒருவர் தலையில் விழும். "உனக்குத்தான் எழுத வருமே, அப்பாவைப் பத்தி ஒரு பக்கம் எழுதிடு, காலையில பாஸ்டர் கேட்பார்" என்று சித்தப்பா சொல்லிவிட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விடுவார். கூடத்தில் பிரீசர் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், வாசலில் நாற்காலி இறக்குவார்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். நீங்கள் போனைத் திறந்து "எங்கள் அன்புத் தந்தை" என்று அடித்துவிட்டு அதற்கு மேல் ஒரு வரியும் ஓடாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

கடலூரில் எங்கள் சபையில் வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தருவது எப்படியோ என் வேலையாகிவிட்டது. அதில் டீக்கனாக, அதாவது போதகருக்குத் துணையாகச் சபை வேலைகளைப் பார்க்கிற உதவிக்காரராக இருந்தவர்களைப் பற்றி எழுதுவதுதான் கொஞ்சம் கஷ்டம். போதகர் என்றால் இத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், இந்தக் கட்டடத்தைக் கட்டினார் என்று எடுத்துச் சொல்ல ஏதாவது இருக்கும். டீக்கன் வேலை வெளியே தெரியாது. மைக் வேலை செய்யும், திருவிருந்துக் கிண்ணங்கள் துடைத்து அடுக்கியிருக்கும், ஆஸ்பத்திரியில் கிடக்கிற அம்மாவுக்குச் சாப்பாடு போயிருக்கும், யார் செய்தது என்ற கேள்வியே ஒருவருக்கும் வராது. அதனால் அவர் போனதும் என்ன எழுதுவது என்று தெரியாமல் "பக்திமான், பரோபகாரி, பாசமிகு தந்தை" என்று அடைமொழிகளை அடுக்கி முடித்துவிடுகிறோம். அந்த மூன்றும் போன மாதம் அடக்கமான இன்னொருவருக்கும் அப்படியே பொருந்தும். ஆகவே நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அவர் எப்படிப்பட்டவர் என்று எழுதாதீர்கள், என்ன செய்தார் என்று எழுதுங்கள். என்ன செய்தார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே, எழுதுவது அப்புறம்.

ராத்திரியில் எழுதுவது ஒன்று, ஆற அமர எழுதுவது ஒன்று

அடக்க ஆராதனையில் வாசிக்கிற குறிப்பு வேறு, முப்பதாம் நாளுக்கோ முதல் வருட நினைவு ஸ்தோத்திர ஆராதனைக்கோ எழுதுவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடக்கத்துக்கு ஒரு ஏ4 பக்கம் போதும், நிதானமாக வாசித்தால் மூன்று நிமிடத்துக்குப் பக்கமாக வரும். பிறந்தது, பெற்றோர், ஞானஸ்நானம், படிப்பு, வேலை, திருமணம், பிள்ளைகள், எந்த வருடம் டீக்கனாகப் பொறுப்பேற்றார், எப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், இவற்றோடு அவரைக் காட்டுகிற ஒரே ஒரு சம்பவம். ஒன்றுதான். வெயிலில் பந்தலுக்கு வெளியே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், பாஸ்டர் செய்தி கொடுக்க வேண்டும், கல்லறையில் குழி வெட்டினவர்கள் காத்திருக்கிறார்கள். அந்த ராத்திரியில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தால் ஒன்றும் தேறாது. மீதியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

2020லும் 2021லும் போனவர்களுக்கு இருபது பேருக்கு மேல் கூட முடியாமல், குறிப்பு வாசிக்கக்கூட நேரமில்லாமல் அடக்கம் செய்தோம். அந்தக் குடும்பங்களில் சிலர் இப்போது கேட்கிறார்கள், இனிமேல் எழுதலாமா என்று. தாராளமாக எழுதலாம். பிள்ளைகளுக்கு நினைவு இருக்கும்போதே எழுதினால் நல்லது.

தேதி விஷயம்

அப்பாவின் பிறந்த தேதி உங்களுக்குத் தெரியும் என்று நினைப்பீர்கள். அந்தத் தலைமுறைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, வீட்டில் சொல்கிற தேதி ஒன்று. ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் நம் ஊரில் இவ்வளவு பேர் இருப்பதற்குக் காரணமே அதுதான். ஓய்வு ஊதியப் புத்தகத்திலும் ஆதாரிலும் இருப்பது பள்ளிக்கூடத் தேதி. குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தால் பழைய சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருப்பதுதான் பெரும்பாலும் சரியானது. அதைப் பார்க்க முடியாவிட்டால் வருடத்தை மட்டும் போடுங்கள், தப்பில்லை. பெரியவராகி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர் என்றால் அந்தத் தேதியைப் பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் அவரே எழுதி வைத்திருப்பார், அதைப் புரட்டாமல் எழுத ஆரம்பிக்கவே கூடாது. அதே பக்கத்தில் பிள்ளைகள் பிறந்த நேரம், மாமியார் இறந்த நாள், வீட்டுக்குக் கடைக்கால் போட்ட நாள் என்று பாதிச் சரித்திரம் கிடைத்துவிடும்.

பழைய சான்றிதழ்களில் "தென்னாற்காடு மாவட்டம்" என்று இருக்கும். 1993 செப்டம்பர் 30இல்தான் அதைப் பிரித்துக் கடலூர், விழுப்புரம் என்று ஆக்கினார்கள். 1952இல் கடலூர் மாவட்டத்தில் பிறந்தார் என்று எழுதினால் பெரியவர்கள் யாராவது திருத்துவார்கள், ஊர்ப் பெயரை மட்டும் எழுதிவிட்டால் வம்பு இல்லை. புதுச்சேரியில் பிறந்தவராக இருந்தால் இன்னொரு வசதி உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1இல் ஆட்சியைக் கைமாற்றிக் கொடுக்கும்வரை பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாவற்றையும் அரசே எழுதி வைத்தது. பெற்றோர் பெயர், வயது, தொழில் எல்லாம் அதில் வரும். அந்தக் காலத்துக் காகிதம் வீட்டுப் பெட்டியில் இருந்தால் பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தாத்தா என்ன வேலை பார்த்தார் என்பதே அங்கேதான் தெரிய வரும்.

இன்னொன்று. கடலூர் பழைய கிறிஸ்தவ ஊர். தரங்கம்பாடி மிஷனரிகள் 1737இலேயே இங்கே வந்து வேலை ஆரம்பித்தார்கள். 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் போதகர் ஆரோன் கடலூரில் பிறந்தவர்தான். அந்தப் பெருமையில் சில குடும்பங்கள் "எங்கள் பரம்பரை ஆரோன் காலத்திலிருந்தே" என்று போடச் சொல்லுவார்கள். பதிவேட்டில் பார்த்தால் தாத்தா பெரியவரான பிறகு ஞானஸ்நானம் எடுத்திருப்பார். எனக்கு அந்தத் தாத்தாவின் கதைதான் பெரிதாகத் தெரிகிறது. சொந்த ஊரில் அண்ணன் தம்பி பேசாமல் விட, கிணற்றடியில் ஒதுக்கி வைக்க, அதையும் தாங்கி நின்றவர். அதைச் சொல்லுங்கள்.

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

முதலில் அம்மாவைக் கேளுங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்ம்மா?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிடுவார், அதோடு முடிந்தது. சின்னக் கேள்வியாகக் கேட்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி என்ன செய்வார்? சம்பளக் கவர் வந்ததும் முதலில் எதைப் பிரித்து வைப்பார்? யாராவது வீட்டுக்கு வந்து தனியாகப் பேச வேண்டும் என்றால் எங்கே உட்காரவைப்பார்? கோபம் வந்தால் என்ன செய்வார், பேசாமல் இருப்பாரா, வெளியே கிளம்பிவிடுவாரா? இப்படிக் கேட்டால் கதை வரும். போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு, அம்மாவிடம் சொல்லிவிட்டே போட்டு, ஓரமாக வைத்துவிடுங்கள். எழுதிக்கொண்டே கேட்டால் அம்மா உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு பேசுவார், பேச்சு மெதுவாகிவிடும். அத்தை, பெரியம்மா யாராவது கூட இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் "அப்படி இல்லை, அன்னைக்கு மழை" என்று மறுக்கும்போதுதான் உண்மையான விவரம் வெளியே வரும்.

அப்புறம் சபையில். பாஸ்டரை கடைசியில் கேளுங்கள், அவர் பொதுவாகத்தான் பேசுவார், அவருக்குப் பழக்கம் அப்படி. கூட இருந்த இன்னொரு டீக்கனைக் கேளுங்கள், சபையைப் பெருக்குகிற அம்மாவைக் கேளுங்கள், சவுண்ட் செட்காரரைக் கேளுங்கள், முக்கியமாக ஞாயிறு பள்ளியில் அவரிடம் அடி வாங்கி இப்போது நாற்பது வயதாகிவிட்ட பையன்களைக் கேளுங்கள். வேலை பார்த்த இடத்திலும் ஒருவரையாவது பிடியுங்கள். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையோ, நெய்வேலியோ, சிப்காட்டோ, மின்வாரியமோ, புதுச்சேரியில் ஏஎஃப்டி மில்லோ, எங்கே இருந்தாலும் ஷிப்ட்டில் கூட நின்றவருக்கு அவர் சபையில் என்ன செய்தார் என்று தெரியாது, மனுஷன் எப்படி என்று தெரியும். ஞாயிறு ஷிப்ட் போட்டால் யாரிடம் மாற்றிக்கொள்வார், அதற்குப் பதிலாக யாருக்குத் தீபாவளி ஷிப்ட் பார்த்துக் கொடுத்தார் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும்.

இந்தப் பக்கத்துக்காரர்களிடம் நான் தவறாமல் கேட்கிற இரண்டு நாள் உண்டு. ஒன்று 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டும் ஆராதனையில் இருந்துகொண்டும் இருந்த நேரத்தில் தேவனாம்பட்டினத்தில் கடல் உள்ளே வந்தது. அன்று மதியம் அப்பா எங்கே இருந்தார்? இன்னொன்று தானே புயல், 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மறுநாள் ராத்திரி புது வருட ஆராதனை. கரண்ட் இல்லை, ரோடு முழுக்க மரம், பாதி ஓடு பறந்துபோன கூரை. ஆராதனை நடந்ததா, விளக்கு யார் ஏற்பாடு செய்தார், தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? டீக்கனாக இருந்தவருக்கு அந்த இரண்டு நாளிலும் சொல்வதற்கு ஒரு கதையாவது இருக்கும். அவர் வீட்டு ஓடும் பறந்திருக்கும், அதை எப்போது மாற்றினார் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

அவருடைய காகிதங்கள்

பெரும்பாலான டீக்கன்கள் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். டைரி என்று அவர்கள் சொல்லமாட்டார்கள், மளிகைக் கடையில் இனாமாகக் கொடுத்த பழைய டைரியாகவே இருந்தாலும் "கணக்கு நோட்டு" என்றுதான் சொல்வார்கள். பீரோவில் துணிகளுக்கு அடியில், அல்லது டிவி ஸ்டாண்டுக் கீழே மின்சார பில்லோடு. தூக்கிப் போடுவதற்கு முன் உட்கார்ந்து பாருங்கள்.

நான் பார்த்த ஒரு நோட்டைச் சொல்கிறேன். வலது பக்கம் முழுக்க காணிக்கைக் கணக்கு, அதாவது நோட்டு எவ்வளவு, சில்லறை எவ்வளவு, எண்ணினவர்கள் இரண்டு பேர் கையெழுத்து. இடது பக்கம் காலியாக விட்டுப் பென்சிலில் சின்னச் சின்னதாக எழுதியிருந்தார். "பால் 2 பாக்கெட், வார்டு 4." "மருந்துச் சீட்டு என்னிடம்." "குடை திருப்ப வேண்டும்." "அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்." யாரிடம், எதற்கு என்று எழுதவில்லை. அடுத்த வாரப் பக்கத்தில் அதே வரியை எழுதி ஒரு டிக் போட்டிருந்தார். அந்த இடது பக்கத்தை வைத்து மட்டுமே ஒரு மனுஷனை எழுதிவிடலாம். அவர் மகன் அதை வாசித்துவிட்டு அரை மணி நேரம் பேசவே இல்லை, பிறகு "சில்லறையை எப்படி எண்ணுவார் தெரியுமா" என்று ஆரம்பித்தார். பின்னறையில் மேஜைமேல் ஈரமில்லாத துண்டை விரித்து அதன்மேல்தான் பையைக் கவிழ்ப்பாராம், உள்ளே ஜெபம் நடக்கும்போது காசுச் சத்தம் கேட்கக் கூடாது என்று. ஒரு ரூபாயைப் பத்துப் பத்தாக அடுக்கி, பழைய தினத்தந்தித் தாளில் சுருட்டி, இரண்டு முனையையும் உள்ளே மடித்து, மேலே தொகையை எழுதுவாராம். அந்தத் துண்டை எழுதினோம். அடக்கத்துக்கு வந்திருந்த பல பேர் சபையில் முப்பது வருடமாக இருந்தும் அது தெரியாதவர்கள்.

நோட்டு தவிர வேதாகமத்துக்குள் செருகியிருக்கும் துண்டுச் சீட்டுகள், பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம், ஜெபக் குறிப்புகள், இவற்றையும் பாருங்கள். கோடு போட்ட வசனங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டை ஆராதனையில் அடிக்கடி எடுத்துக்கொடுப்பார், எந்தச் சுருதியில் ஆரம்பித்து நடுவில் மேலே போக முடியாமல் திணறுவார் என்பதுகூட எழுதத் தகுந்த விஷயம்தான், சபையாருக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வரும், அடக்க ஆராதனையில் சிரித்தால் பாவம் ஒன்றும் இல்லை.

எதை எழுதக் கூடாது

இங்கேதான் கவனம் வேண்டும். ஆதிச் சபையில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததே விதவைகளுக்குச் சாப்பாடு பங்கிடுவதில் குறை வந்ததால்தான், அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இன்றைக்கும் டீக்கன் வேலையின் பாதி அதுதான், கஷ்டப்படுகிற வீட்டுக்கு வெளியே தெரியாமல் உதவி போய்ச் சேருவது. அப்பா யாருக்குப் பள்ளிக்கூட பீஸ் கட்டினார், யாருடைய குடிகார மகனைக் காவல் நிலையத்திலிருந்து கூட்டிவந்தார், யார் நகையை மீட்டுக் கொடுத்தார் என்பதெல்லாம் இப்போது உங்களுக்குத் தெரிய வரும். உதவி வாங்கினவர்களே வந்து சொல்வார்கள். அதைக் கேட்டு நெகிழ்ந்துபோய் அப்படியே எழுதி மைக்கில் வாசித்துவிட்டால் அவர் வாழ்நாள் முழுக்கக் காத்துவந்த ஒன்றை ஒரே நாளில் நீங்கள் உடைத்துவிடுகிறீர்கள்.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சின்னச் சபையில் "கணவரை இழந்து மூன்று பெண் பிள்ளைகளோடு தவித்த ஒரு சகோதரிக்கு" என்று சொன்னாலே எல்லாத் தலையும் ஒரு பக்கம் திரும்பும். ஊரையும் வருடத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் எடுத்துவிட்டு, செயலை மட்டும் வையுங்கள். "மாத ஆரம்பத்தில் இரண்டு வீட்டுக்கு அரிசி வாங்குவார், கடைக்காரரிடம் இரண்டையும் நம் வீட்டுக் கணக்கிலேயே எழுதச் சொல்லுவார்" என்றால் யாரையும் காட்டிக்கொடுக்காது, அவரையும் காட்டிவிடும். சம்பந்தப்பட்டவரே "என் பேரைச் சொல்லுங்க, நான் எழுந்து சாட்சி சொல்றேன்" என்றால் அது வேறு, அதை அவரே சொல்லட்டும், நீங்கள் எழுத வேண்டாம். அப்பா கடன் கொடுத்து வராமல் போன பணத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

சபைச் சண்டை இன்னொன்று. கமிட்டித் தேர்தல், கட்டட நிதி, இரண்டாகப் பிரிந்தது, கோர்ட் வரை போனது என்று ஏதாவது ஒன்று எல்லாச் சபையிலும் உண்டு. அப்பா ஒரு பக்கம் நின்றிருப்பார். அடக்கக் குறிப்பில் அதைத் தொடவே வேண்டாம், எதிர்ப்பக்கத்துக்காரரும் மாலையோடு வந்து நிற்பார். நினைவுக் கட்டுரையில் வேண்டுமானால் "சபையில் மனவருத்தம் இருந்த வருடங்களிலும் ஞாயிறு காலையில் கதவைத் திறந்தவர் அவர்தான்" என்று ஒரு வரி. திறந்திருந்தால் மட்டும். கோபித்துக்கொண்டு ஒரு வருடம் வராமல் இருந்தார் என்றால் அந்த வரியை எழுதிவிடாதீர்கள், சபையில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

வீட்டுக்காரராக

1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்தில் உதவிக்காரருக்குச் சொன்ன தகுதிகளில் வீட்டையும் பிள்ளைகளையும் நன்றாக நடத்துவதும் ஒன்று. அதனால் சபைக் குறிப்பில் குடும்பம் வந்தே ஆக வேண்டும், கடைசியில் "மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், ஐந்து பேரப்பிள்ளைகள்" என்று பட்டியலாக வருவது மட்டும் போதாது. ஆனால் உண்மை என்னவென்றால், சபைக்குக் கொடுத்த நேரம் வீட்டிலிருந்து எடுத்த நேரம். ஊரில் நடந்த அத்தனை கல்யாணத்திலும் வேட்டியை மடித்துக்கட்டிப் பந்தி பரிமாறின மனுஷன் சொந்த மகளின் நிச்சயதார்த்தத்துக்கு யாரோ ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுச் சட்டை கசங்கித் தாமதமாக வந்து நிற்பார். அந்த மகள் அதைச் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். சிரித்துக்கொண்டே சொன்னால் எழுதலாமா என்று கேளுங்கள். தொண்டை அடைத்தால் விட்டுவிடுங்கள், இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம்.

எனக்குப் பிடித்த குறிப்புகளில் இந்த இழுபறி கொஞ்சமாவது இருக்கும். எல்லாவற்றிலும் பரிபூரணமான தகப்பன் என்று எழுதினால் பிள்ளைகளே நம்பமாட்டார்கள். அதே சமயம் அவர் செய்த வீட்டு வேலைகளை விட்டுவிடக் கூடாது: காலையில் எல்லோருக்கும் முன்னே எழுந்து வெந்நீர் போட்டது, மகளுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டது, மஞ்சக்குப்பம் மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது அம்மாவுக்குப் பிடிக்கும் என்று சங்கராவைத் தேடியது, பரீட்சைக் காலத்தில் பையன் படித்து முடிக்கும்வரை தானும் தூங்காமல் பக்கத்தில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தது. குடும்ப ஜெபம் எத்தனை மணிக்கு, யார் எந்தப் பக்கம் உட்காருவார்கள், சின்னவன் தூங்கிவிட்டால் என்ன செய்வார். இவற்றில் ஒன்றை எடுத்து நான்கு வரி எழுதினால் போதும்.

ஒரு மாதிரி காட்டுகிறேன். பெரும்பாலும் இப்படி எழுதிக்கொண்டு வருவார்கள்:

"அன்னார் மிகுந்த பக்தியும் பணிவும் உடையவராய், சபைப் பணியில் தன்னை முழுமையாக அர்ப்பணித்து, குடும்பத்தை அன்போடு நடத்தி, அனைவராலும் நேசிக்கப்பட்டவராய் வாழ்ந்தார்."

இதையே இப்படி மாற்றலாம்:

"ஞாயிறு காலை ஐந்தரைக்குச் சபைச் சாவியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். கேரியரில் திருவிருந்துப் பாத்திரங்கள் அம்மாவின் பழைய புடவையில் சுற்றியிருக்கும். போகிற வழியில் ஒரு வீட்டு வாசலில் மணி அடித்துவிட்டு நிற்காமல் போவார், அந்த வீட்டுப் பெரியவர் மாத்திரை போடுகிற நேரம் அது. எட்டு மணிக்குத் திரும்பி வந்து எங்கள் மூன்று பேர் ஷூவுக்கும் பாலிஷ் போட்டு வரிசையாக வைப்பார். அவர் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு வருவார்."

ஒரு அடைமொழிகூட இல்லை. பக்தி, பணிவு, குடும்பம் மூன்றும் வந்துவிட்டது. உங்கள் அப்பா சைக்கிளில் போகாமல் டிவிஎஸ் 50இல் போயிருக்கலாம், உங்களுக்குக் கிடைக்கிற விவரத்தை வையுங்கள், இதைக் காப்பி அடிக்காதீர்கள்.

இன்னும் ஒரு விஷயம். கேட்கிற எல்லோரும் சபையார் இல்லை. சொந்தத்தில் பாதிப் பேர் இந்துக்களாக இருப்பார்கள், எதிர்வீட்டு பாய் வந்திருப்பார், ஆபீஸ்காரர்கள் ஒரு வேன் பிடித்து வந்திருப்பார்கள். "இரட்சிப்பின் நிச்சயம் பெற்று அபிஷேகத்தில் நிறைந்து ஊழியத்தில் ஊன்றக் கட்டப்பட்டு" என்று ஓடினால் அவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவருடைய விசுவாசத்தை மறைக்க வேண்டியதில்லை, தெருவில் பேசுகிற பேச்சில் சொல்லுங்கள். குடித்துக்கொண்டிருந்தவர் இன்ன வருடம் ஒரு கூட்டத்துக்குப் போய் அன்றோடு விட்டார் என்றால் எதிர்வீட்டு பாய்க்கும் புரியும், சொல்லப்போனால் அவருக்குத்தான் நன்றாகவே தெரியும்.

புதுச்சேரிப் பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது கொஞ்சம் மாறும். அங்கே தியாக்கோன் என்றால் பெரும்பாலும் குருத்துவத்துக்கு முந்தின படி, குடும்பஸ்தராக இருந்து திருத்தொண்டராகிறவர் நம் பக்கம் அபூர்வம். இந்த வேலையையெல்லாம் அங்கே உபதேசியார், பங்குப் பேரவையில் இருக்கிறவர், ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபைக்காரர் செய்வார்கள். எழுதுகிற முறை அதேதான். பங்கு அலுவலகத்தில் தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நினைவுத் திருப்பலியில் குறிப்பு வாசிக்கலாமா, எந்த இடத்தில் வாசிக்கலாம் என்று பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மொத்தச் சொந்தமும் ஒரே இடத்தில் கூடும், கதை சேகரிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

வாசிப்பது, படம், கல்

எழுதினதை ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள், மூச்சு வாங்குகிற வாக்கியத்தை உடையுங்கள். மகனோ மகளோ வாசிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பாதியில் உடைந்துபோனால் எடுத்து வாசிக்க மருமகனோ பேத்தியோ இன்னொரு பிரதியோடு பக்கத்தில் நிற்கட்டும். தாளில் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுங்கள், போனைப் பார்த்து வாசித்தால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள்.

படத்துக்கு வந்தால், பிளெக்ஸில் போட ஸ்டுடியோக்காரர் கழுத்தை வெட்டி கோட் சூட் ஒட்டிக் கொடுப்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். வெள்ளைச் சட்டையில் சபை வாசலில் நிற்கிற படம் யாரிடமாவது இருக்கும். தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் ஆல்பம் நனைந்து போனவர்கள் நிறைய, அப்படியானால் மற்றவர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் தேடுங்கள். டீக்கன் ஆயிற்றே, எல்லார் வீட்டு ஆல்பத்திலும் ஒரு ஓரத்தில் சாம்பார் வாளியோடு நிற்பார். பழைய படத்தைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, பிளாஷ் இல்லாமல் நேராகப் போனைப் பிடித்து எடுங்கள். பின்பக்கம் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று பென்சிலில் எழுதுங்கள், பேனா மை மறுபக்கம் ஊறும்.

முழுக் கட்டுரை தயாரானதும் அம்மாவுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்ட வேண்டும், அவர் எடுக்கச் சொல்வதை எடுத்துவிடுங்கள், வாதாட வேண்டாம். ஒரு பிரதி சபை அலுவலகத்தில், ஒன்று வேதாகமத்துக்குள், பிடிஎஃப் ஒன்று குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில். வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்றால் நீங்கள் வாசித்து ஆடியோவாக அனுப்புங்கள்.

கல்லறைக் கல்லுக்கு அவசரப்படாதீர்கள், மண் இறங்கட்டும். எழுத்து வெட்டுகிறவரிடம் வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள், அவர் கல்லில் சாக்குக்கட்டியால் வரைந்ததும், உளியை எடுப்பதற்கு முன்னால், படம் எடுத்து இரண்டு பேரிடம் காட்டி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். இனிஷியல், றகரம், வசன எண் மூன்றிலும்தான் தப்பு வரும்.